ராக்கெட் நாளை எண்ணுவதில்லை

சரியாக ஐம்பத்தொரு மணி நேரமாக நிவேதா அதை வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தாள். வியாழக்கிழமை காலை பதினொன்றுக்குத் தெரிய வந்தது. இப்போது சனிக்கிழமை மதியம் இரண்டு. திருப்பாலைவனத்தில் கஸ்தூரி அக்காவின் ஜெராக்ஸ் கடையில் பாதி நாள் வேலை முடித்துவிட்டு, பழவேற்காடு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் கனத்தது.

ஐம்பத்தொரு மணி நேரம் என்பது அவளுக்குப் பழகிய கணக்கு. அந்த நட்சத்திரம் ஐம்பத்தொரு மணி நேரத்துக்கு ஒருமுறை மங்கும்.

அதற்குப் பேர் கிடையாது. ஒன்பது இலக்கத்தில் ஓர் எண் உண்டு. நம் பால்வீதியில் கோடிக்கணக்கில் கிடக்கிறவற்றில் அதுவும் ஒன்று. விண்வெளித் தொலைநோக்கி ஒன்று வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒரு துண்டை இருபத்தேழு நாள் ஏறக்குறைய வைத்த கண் வாங்காமல் பார்க்கும். அப்புறம் அடுத்த துண்டுக்குத் திரும்பும். அது பார்த்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அப்படிப் படிப்பதற்கென்றே இணையத்தில் ஒரு தளம் இருந்தது. ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தை வரைகோடாகக் காட்டி, இதில் எங்காவது பள்ளம் தெரிகிறதா என்று கேட்பார்கள். நட்சத்திரத்துக்குக் குறுக்கே அதன் கோள் போனால் வெளிச்சம் ஒரு சிட்டிகை குறையும். அதுதான் பள்ளம்.

பொன்னேரியில் இயற்பியல் பட்டம் வாங்கி இரண்டு வருடமாகிறது. கடையில் ஆள் இல்லாத நேரங்களில் நிவேதா பள்ளம் தேடினாள். பேச வேண்டியதில்லை, யாரையும் பார்க்க வேண்டியதில்லை. அவளுக்கு ஏற்ற வேலை. மூன்று வாரத்துக்கு முன் அவள் எடுத்த நட்சத்திரத்தில் பன்னிரண்டு பள்ளம் இருந்தது. யாரும் அதைக் குறித்திருக்கவில்லை. தெரிந்த சோதனைகளையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, கோளாக இருக்கலாம் என்று தளத்தில் எழுதினாள்.

வீட்டில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அம்மா அம்பிகா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ஒரு கோளைக் கண்டுபுடிச்சிட்டேன்னு நெனைக்கிறேன்."

"கை ஈரமா கீது. அந்தத் துணிய எடு" என்றாள் அம்மா.

உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்த நைனா வெளியே வந்தார். மகளை நின்று பார்த்தார். "நெனைக்கிறேன்" என்ற சொல்லை அங்கேயே விட்டுவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு மீன் ஏலக்கூடத்துக்குப் போனார்.

நைனா சகாதேவனுக்கு அதற்கப்புறம் வேறு பேச்சே இல்லை. படகுத்துறையில், டீக்கடையில், ஐஸ் வண்டிக்காரனிடம் எல்லாம் அதேதான். "அதோ நம்ம கலங்கரை விளக்கு கீது இல்ல? அதும் முன்னால ஒரு கொசு பறந்தா வெளிச்சம் எவ்ளோ கொறையும்? உன் கண்ணுக்குத் தெரியுமா, எங்கண்ணுக்குத் தெரியுமா? எம் பொண்ணு அந்தக் கொசுவக் கண்டுகினா. இங்க குந்திகினு!" கல்லூரியில் எந்த வகுப்பிலும் இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று நிவேதாவுக்குத் தோன்றியது. அவர் எட்டாவதுக்கு மேல் படித்தவரில்லை.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன திங்கட்கிழமை அவர் இன்னொன்றும் சொல்லிவிட்டார். அடுத்து வரும் தன் பாடு முழுவதையும் ஊருக்கு விடப்போவதாக.

பழவேற்காடு ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் நாலே நாலு. யார் முந்திப் போனாலும் அங்கே வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். ஒருவருக்குப் பதினாறு நாளுக்கு ஒருமுறை வரும். அதிலும் மழை பெய்து முகத்துவாரம் திறந்திருக்கிற இந்த ஒன்றரை மாதத்தில் வருகிற முறைதான் முறை. போன தடவை வலையில் பாசியும் நாலு நண்டும் ஏறின. இந்தத் தடவை நீரோட்டம் நன்றாக இருக்கிறது. அடுத்தது வருவதற்குள் இறால் ஓட்டம் முடிந்தாலும் முடிந்துவிடும். நைனாவும் வேதாசலம் மாமாவும் கூட்டாக வைத்திருக்கிற படகில் அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. ஒருவர் வலை போட்டால் ஒருவர் தண்ணீர் இறைக்க வேண்டும். இந்த முறை வருகிற இறாலில் அதைச் சரி செய்வதாகத்தான் பேச்சு.

"மூணு வருஷம் பஸ்ஸுல போயி வந்து இன்னாத்தடா கண்டா உம் பொண்ணுன்னு கேட்டீங்க இல்ல? கண்டா. உக்காந்து சாப்டுங்கடா" என்று நைனா ஊரைப் பார்த்துச் சொன்னார். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர்த் தலைவரான நாட்டார் முன்னால் வெற்றிலைத் தட்டு வைப்பார். நாட்டார் தட்டைத் தொட்டுவிட்டால் அப்புறம் அது ஊர்ச் சொத்து. திரும்பக் கேட்கிற வழக்கம் இல்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை இறங்குகிற வலையில் விழுவதெல்லாம் நேராக ஊர் விருந்துச் சட்டிக்குப் போகும்.

நாளை. அதுவும் ஒரு கணக்குதான். முதலில் நைனாவின் முறை இன்றைக்கு, சனிக்கிழமையில்தான் இருந்தது. வியாழக்கிழமை காலை நைனா கடைக்குப் போன் செய்தார்.

"கண்ணு, இன்னிக்கு ராக்கெட்டுனு மைக்குல சொல்லிகினு போறான். யாரும் எறங்கல. லிஸ்ட்ட ஒரு நாள் தள்ளி அடிச்சிகினு வந்துடு. இன்னிய நாள எண்ணாத, இன்னா?"

முறைப் பட்டியலை எழுதுவது பத்தாம் வகுப்பிலிருந்து அவள் வேலை. புயலானாலும், ஊரில் சாவானாலும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுவதால் ஏரியில் இறங்கக் கூடாத நாளானாலும், வலை இறங்காத நாள் எண்ணிக்கையில் வராது. அன்றைக்கு யார் முறையோ அவருக்கு அது மறுநாள் வரும். எல்லாரும் ஒரு படி இறங்குவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. நிவேதா வியாழக்கிழமையை அழித்தாள். பேர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சகாதேவன், வேதாசலம், ஞாயிறு.

அப்போது அவள் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

திரையில் பட்டியலுக்குப் பின்னால் நட்சத்திரம் திறந்திருந்தது. ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு பள்ளத்துக்கும் அவள் எண் போட்டிருந்தாள். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் ஒரு நாள் கோடே இல்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் பூமிக்கு அனுப்புவதற்காகத் தொலைநோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்ட நாள் அது. அந்த நாளிலும் ஒரு பள்ளம் விழுந்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. பார்க்காத நாள் என்று அவள் அதற்கு எண் போடாமல் விட்டிருந்தாள். யோசித்துச் செய்ததில்லை. இத்தனை வருடம் பட்டியல் எழுதிய கை தானாகச் செய்தது.

நட்சத்திரம் இந்தக் குப்பத்து ஆள் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்பதற்காக அதன் முறை மறுநாளைக்குத் தள்ளிப் போகாது.

எண்களை மாற்றிப் போட்டாள். ஏழு எட்டானது. எட்டு ஒன்பதானது. பன்னிரண்டு பதின்மூன்றானது. ஒற்றை எண் பள்ளங்களை ஒரு பக்கமும் இரட்டை எண் பள்ளங்களை இன்னொரு பக்கமும் பிரித்தாள். முன்பே செய்த சோதனைதான். அப்போது இரண்டு பக்கமும் சராசரியில் ஒரே ஆழம் காட்டின. இப்போது ஒற்றையெல்லாம் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. இரட்டையெல்லாம் ஆறு பங்கு.

ஒரு கோள் திரும்பத் திரும்பக் குறுக்கே போனால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு மங்கும். மாறி மாறி ஆழம் வேறாக இருந்தால் அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள். முதலில் இது அதை மறைக்கும், அப்புறம் அது இதை மறைக்கும். பக்கத்திலேயே பளிச்சென்று மூன்றாவதாக ஒன்று நிற்பதால், அதன் வெளிச்சத்தில் கலந்து பெரிய மறைப்புகூடக் கொசு பறந்த மாதிரி தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

தளத்தில் அதை எழுதி, தன் பழைய குறிப்பு தவறு என்று போட நான்கு நிமிடம் ஆயிற்று. முகம் தெரியாத யாரோ ஒருவர் நன்றி என்று பதில் போட்டிருந்தார். உலகத்துக்குச் சொல்ல நான்கு நிமிடம். வீட்டுக்குச் சொல்ல ஐம்பத்தொரு மணி நேரம் போதவில்லை.

பஸ் நின்றது. இறங்கினாள்.

வீட்டுக்குப் பின்னால் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரவல் வாங்கிய இரண்டு பெரிய அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. நிவேதாவும் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்தாள்.

"அம்மா, நாளைக்கிப் பாட்ட ஊருக்கு வுட வேணாம்னு நைனாகிட்ட சொல்லேன்."

"ஏண்டி? கூச்சமா கீதா?"

"அதில்லம்மா."

அம்மா கையை நிறுத்தினாள். "எனக்கு மட்டும் ஆசையா? படகு கீற கெதிக்கு நாளைய எறால் வந்தா அடிய மாத்திப்புடலாம்னு நான் மனசுல போட்டுகினுதான் கீறேன். நடு ஏரில அந்த விரிசல் பொளந்துகினா யாரு போயி நிக்கறது? ஆனா உங்க நைனா மூஞ்சப் பாத்தியா நீ? இப்டி சிரிச்சி நான் பாத்ததில்ல. கல்யாணத்தன்னிக்கே உர்ருனு குந்திகினு இருந்த மனுசன்."

நிவேதா பூண்டுத் தோலைக் கீழே போட்டாள். அது காற்றில் பறந்து அண்டாவில் ஒட்டிக்கொண்டது. எழுந்து படகுத்துறைக்கு நடந்தாள்.

நைனா படகு விளிம்பில் உட்கார்ந்து வலையில் அறுந்த கண்ணிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். வேதாசலம் மாமா, அம்மாவின் தம்பி, படகுக்குள் குனிந்து பிளாஸ்டிக் டப்பாவால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாம்மா விஞ்ஞானி" என்றார் மாமா. "அந்த ஒலகத்துல எறால் கீதானு பாத்து சொல்லு. இங்க கொறஞ்சிகினே வருது."

"இன்னா கண்ணு, இந்த வெயில்ல வந்து நின்னுகினு?" என்றார் நைனா.

"நைனா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அவர் வலையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முழுக் கவனமும் அவள் மேல் இருந்தது. அதுதான் தப்பாகப் போயிற்று. கண்ணிகளைக் கட்டிக்கொண்டே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"அந்த விரிசல…" என்று படகைக் காட்டினாள்.

"அதுவா? ஒரு தபா அடிய மாத்திட்டோம்னா…" என்று ஆரம்பித்த மாமா, மச்சான் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அப்பால பாத்துக்கலாம். மொண்டு ஊத்தற வேலதான? கைக்கு நல்லது."

அதற்குள் அண்ணன் கவியரசன் பைக்கில் வந்து நின்றான். பின்னால் சுருட்டி வைத்த பிளெக்ஸ். "நிவே, கண்ண மூடு!" என்று சொல்லிவிட்டு, அவள் மூடுவதற்கு முன்பே மணலில் விரித்தான். எட்டுக்கு ஆறு. நடுவில் அவளுடைய கல்லூரி அடையாள அட்டைப் படம், திருடிப் பிடிபட்ட ஆள் மாதிரி முழித்துக்கொண்டு. தலைக்கு மேல் வளையத்தோடு சனி. விண்ணை அளந்த எங்கள் குப்பத்து மகளே என்று மஞ்சளில் எழுத்து. கீழே வரிசையாகக் கவியரசனும் அவன் கூட்டாளிகளும், ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடியில்.

"அது சனிக் கோளுண்ணே" என்றாள் நிவேதா மெல்ல.

"எதுனா ஒண்ணு இருக்கட்டுமே. ஓங்கோளு போட்டோ கேட்டா, இல்லனுதான சொன்ன?"

நைனா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குனிந்து, படத்தில் அவள் முகத்தின் மேல் விழுந்திருந்த மணலைத் தட்டிவிட்டார். நிவேதா ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தூரத்தில் இன்றைய முறைக்காரர்கள் வலையைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேதாசலம் மாமாவின் டப்பா திரும்பவும் தண்ணீரில் முங்குகிற சத்தம் கேட்டது. மொண்டு ஊற்றினார். மொண்டு ஊற்றினார்.

ஐந்து மணிக்கு ஏலக்கூடத்தில் ஊர் கூடிவிட்டது. சிமெண்ட் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள், ஆனாலும் மீன் வாசனை போகவில்லை. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தூண்களை ஒட்டி நின்றார்கள். பிளெக்ஸ் எதிரே இரண்டு மூங்கிலில் கட்டியிருந்தது. காற்றில் அவள் முகம் உப்பி உப்பி அடங்கியது.

சின்னதம்பி நாட்டார் தொண்டையைக் கனைத்தார். "சகாதேவன் பாடு நாளைக்கி. ஊருக்கு வுடுறதா சொல்றாப்ல. கூட்டுக்காரன் வேதாசலம், உனக்கு சம்மதமா?"

"மச்சான் சொன்னா சரிதான்" என்றார் மாமா. விரல்களில் வெள்ளையாகச் சுருக்கம் விழுந்திருந்தது, தண்ணீரில் ஊறி.

நைனா தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். நாட்டார் கை நீட்டினார்.

"இருங்க நாட்டாரே" என்று ஒரு குரல் வந்தது. இறால் ஏலம் எடுக்கிற திரௌபதி அத்தை. வாய்க்கு ஊரே பயப்படும். "மூணு வாரமா அப்பங்காரன் சொல்லியே கேக்கறோம். கொசு, கொசுனு காது புளிச்சிப் போச்சு. கண்டவ கீறா இல்ல? அவ வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சொல்லட்டுமே. இவ கொரலு எப்டி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். "வாம்மா. சொல்லு. பயப்படாத, நம்ம ஜனந்தான்."

யாரோ அவள் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்கள். அம்மாவாக இருக்கும். நிவேதா நடந்து வந்து, கழுவிய தரையில் நின்றாள். கால் கட்டைவிரல் ஈரத்தில் ஒட்டியது. யாரையும் பார்க்க முடியவில்லை. தட்டை மட்டும் பார்த்தாள். தட்டு நடுவழியில் நின்றிருந்தது.

"நாம ராக்கெட் நாள எண்ண மாட்டோம்" என்றாள்.

"சத்தமா!" என்றான் பின்னாலிருந்து கவியரசன்.

"ராக்கெட் நாள நாம எண்ண மாட்டோம். வல எறங்காத நாள்."

"அத எவன் எண்ணுவான்?" என்றார் நாட்டார். கோளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நானும் எண்ணல." குரல் கொஞ்சம் நிலைப்பட்டது. "வானத்துல பாக்குற தொலைநோக்கியும் நடுவுல ஒரு நாள் பாக்காது. அன்னிக்கும் அந்த நட்சத்திரம் மங்கிச்சு. நம்ம வழக்கப்படி அத நான் எண்ணாம வுட்டேன்."

அவள் வேதாசலம் மாமா பக்கம் திரும்பினாள்.

"மாமா, ஒரே எடத்துல ரெண்டு பேரு எறங்கறாங்கனு வெச்சிக்க. ஒத்தப்பட நாள்ல ஒருத்தர், ரெட்டப்பட நாள்ல ஒருத்தர். ஒருத்தருக்கு எறால் ஜாஸ்தி, ஒருத்தருக்குக் கம்மி. நடுவுல ஒரு நாளும் அவங்க நிறுத்தல. லிஸ்ட்டு எழுதறவ மட்டும் ஒரு நாள எண்ணாம வுட்டுட்டா. இன்னா ஆவும்?"

இது ஏரிக் கணக்கு. மாமா உடனே விரலை மடக்கினார். "அன்னிலேந்து ஒத்தக்காரன் ரெட்டைல ஏறிடுவான். ரெட்டக்காரன் ஒத்தைல. இவன் புடிச்சது அவன் பேர்ல போவும்."

"கடசில கூட்டிப் பாத்தா?"

"ரெண்டு பக்கமும் சமமா வரும்" என்றார் மாமா.

"அட, ரெண்டு பேரு எறங்குனாங்கனே தெரியாதே" என்றாள் திரௌபதி அத்தை. "தெனமும் ஒரே ஆளுதான் எறங்குறான், ஒரே அளவுதான் புடிக்கிறான்னு இல்ல நெனச்சிகினு இருப்போம்!"

சொல்லிவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டாள்.

காற்று நின்றது. பிளெக்ஸ் தொங்கியது. நிவேதா கண்ணை உயர்த்தினாள். நைனா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் தட்டு அப்படியே இருந்தது, முன்னால் நீட்டவுமில்லை, பின்னால் இழுக்கவுமில்லை. சிரிப்பு முகத்திலிருந்து இன்னும் முழுதாக இறங்கியிருக்கவில்லை. கொசுவை ஊருக்குச் சொல்லிப் புரியவைத்தவர் அவர். இதுவும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார், அவள் வாயால் வர வேண்டும் என்று.

"அப்ப அந்தக் கொசு, கண்ணு?"

"கொசு இல்ல நைனா" என்றாள் நிவேதா, கூடத்தின் கடைசித் தூண் வரைக்கும் கேட்கும்படி. "அங்க கோளே இல்ல. ரெண்டு நட்சத்திரம். தப்பா எண்ணுனது நான்தான்."